செம்பனைக்கு மேலே ஒரு வலை: தோட்டப்புற ஊரில் தன்னார்வ மெஷ் கட்டும் செய்முறை

மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்து ஊர்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் ஃபைபர் வந்துவிட்ட கடைவீடுகள், சுற்றிலும் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகள், அதற்கு அப்பால் செம்பனை. செம்பனைக்குள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோவில். கடைத்தெருவிலிருந்து லயத்துக்குத் தூரம் ஒன்று, ஒன்றேகால் கிலோமீட்டர்தான். ஆனால் லயத்துப் பிள்ளை ஒரு பாடக் காணொளியைப் பார்க்கக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு பெரிய சாலைவரை நடக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தூரத்தைத் தன்னார்வலர்களே கம்பியில்லாமல் கடக்கும் வழியை இங்கே எழுதுகிறோம்.

முதல் தீர்மானம், எல்லாவற்றையும் தாங்கும் தீர்மானம்: ஊர் முழுவதையும் ஒரே மெஷ்ஷாக, அதாவது முனைக்கு முனை வைஃபையைக் கைமாற்றும் ஒரே வலையாக, கட்டக் கூடாது. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்பினால், ஒரு முனையிலிருந்து அடுத்ததற்கு எத்தனை தாவலோ அத்தனை பங்காக வேகம் பிரியும். முதல் தாவலில் 150 மெகாபிட் கிடைத்தால் இரண்டாவதில் 75, மூன்றாவதில் 50 என்று இறங்கும். வீட்டுக்கு வீடு தாவித் தோட்டத்தைக் கடக்கலாம் என்று பார்த்தால், இடையில் வீடே இல்லை, மரம்தான் இருக்கிறது. ஆகவே உயரமான நாலைந்து இடங்களைத் தேர்ந்து, அவற்றுக்கிடையே குறிபார்த்த 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புகளை வலையின் தண்டாக, அதாவது முதுகெலும்பாக, வைக்க வேண்டும். மெஷ் என்பது ஒவ்வொரு இணைப்பின் முனையிலும், லயத்துக்குள்ளும் தாமானுக்குள்ளும் மட்டும். 2004இல் கத்தலோனியாவின் ஓசோனா கிராமப்புறத்தில் தொடங்கிய கிஃபி.நெட் பெரிதாக வளர்ந்ததும் பெரும்பாலும் இப்படிக் குறிபார்த்த இணைப்புகளால்தான்.

மரத்தின் கணக்கு

வரைபடத்தில் இரண்டு புள்ளி வைத்து உயர வேறுபாட்டைப் பார்க்கும் இணையக் கருவிகள் பல உண்டு. தோட்டப்புறத்தில் அவற்றை அப்படியே நம்பக் கூடாது. அவற்றில் பல எஸ்ஆர்டிஎம் தரவை எடுத்துக்கொள்கின்றன. அது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. அந்த ரேடார் அடர்ந்த மரக்கூட்டத்தின் அடிமண்ணைப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் தழையில் பட்டே திரும்பிவிடும். அன்று அங்கே நின்றது முதிர்ந்த பால்மரமாக இருந்திருக்கலாம், இன்று நிற்பது வேறு மரம். தரையின் உயரத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், அதுவும் சில மீட்டர் கூடுதல் குறைவு இருக்கும் என்ற நினைப்போடு.

மரத்தின் உயரத்துக்குச் சிறந்த ஆவணம் தோட்டத்துக்குள்ளேயே நட்டு வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கின் முனையிலும் உள்ள பலகையில் பிளாக் எண், ஹெக்டேர், நட்ட ஆண்டு எழுதியிருக்கும். முதல் மூன்று ஆண்டுகள் மரத்தின் தண்டு எழாது. அதன் பிறகு ஆண்டுக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தண்டுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் மட்டைக்கு இன்னும் 4 மீட்டர் சேருங்கள். நட்டு 12 ஆண்டு ஆன பிளாக் என்றால் தண்டு 4.5 மீட்டர், மட்டையோடு 8.5 மீட்டர். சந்தேகம் இருந்தால் அறுவடையை மேற்பார்க்கும் மண்டோரைக் கேளுங்கள். அந்தப் பிளாக்கில் குலை வெட்ட உளியா, அரிவாளா, அரிவாளுக்கு எத்தனை அடிக் கம்பு என்று அவர் சொல்லும் பதில் எந்தச் செயற்கைக்கோளையும் விடச் சரியாக இருக்கும்.

கண்ணுக்கு எதிர்முனை தெரிகிறது என்பது போதாது. அலை ஒரு கோடாகப் போவதில்லை, நடுவில் பருத்த உருளையாகப் போகிறது. 1.2 கிலோமீட்டர் இணைப்பில், 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவழியில் அந்த உருளையின் குறுக்குவட்டமான ஃப்ரெனெல் வட்டத்தின் ஆரம் 3.9 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது 2.4 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். அதே தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஆரம் 6.1 மீட்டராகிவிடும். வேறு தூரத்துக்குக் கணக்கிட: கிலோமீட்டரில் தூரத்தை, கிகாஹெர்ட்ஸில் அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 17.3ஆல் பெருக்குங்கள். விடை மீட்டரில் வரும்.

இதோடு மரம் வளர்வதையும் சேர்க்க வேண்டும். ஆறு ஆண்டுக்கு இணைப்பு நிற்க வேண்டுமென்றால் 3 மீட்டர். ஆக 8.5 மட்டை, 2.4 இடைவெளி, 3 வளர்ச்சி, மொத்தம் கிட்டத்தட்ட 14 மீட்டர். தரை சமமாக இருக்கும்போது இரண்டு முனையிலும் ஆண்டெனா அந்த உயரத்தில் இருக்க வேண்டும். 12 மீட்டர் தண்ணீர்த் தொட்டியின் மேல் 3 மீட்டர் குழாய் நிறுத்தினால் சரியாக வரும். ஒற்றை மாடி வீட்டுக் கூரையில் எவ்வளவு நல்ல கருவியை வைத்தாலும் வராது.

“மரத்தை ஊடுருவிப் போகும் 2.4 வைத்தால் என்ன?” என்று யாராவது கேட்பார்கள். வைஸ்பெர்கர் சூத்திரத்தின்படி 100 மீட்டர் தழை 5.8 கிகாஹெர்ட்ஸில் சுமார் 33 டெசிபலைத் தின்னும், 2.4இல் சுமார் 26. மழையில் நனைந்த மட்டை இன்னும் கூடுதலாகத் தின்னும். 26 டெசிபல் என்றால் போன சக்தியில் நானூறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. இலையைத் துளைக்க முயலாமல் அதற்கு மேலே ஏறுவதே வழி.

ஏறுவதற்கு முன் சிக்னல் கணக்கு

ஆண்டெனாவைத் திருப்பத் தொடங்குமுன் எதிர்பார்க்கும் சிக்னலைத் தாளில் எழுதி மேலே எடுத்துப் போக வேண்டும். 1.2 கிலோமீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு வெட்டவெளி இழப்பு 109.3 டெசிபல். அனுப்பும் பக்கம், ஆண்டெனாவின் பெருக்கமும் சேர்ந்து, 1 வாட்டுக்கு மேல் போகாமல் வைக்கிறோம், அதாவது 30 டிபிஎம். வாங்கும் பக்கத்தில் 23 டிபிஐ பெருக்கமுள்ள தட்டு ஆண்டெனா. 30இல் 109.3ஐக் கழித்து 23ஐக் கூட்டினால் மைனஸ் 56. இரண்டு மூன்று டெசிபல் விலகலாம்.

மைனஸ் 74, 75 என்று காட்டினால் என்ன பொருள்? பெரும்பாலும் ஆண்டெனா தன் பக்கக் கதிரில் பூட்டிக்கொண்டிருக்கிறது. 23 டிபிஐ தட்டின் முதன்மைக் கதிர் ஒடுங்கியது, அதன் இருபுறமும் வலுக்குறைந்த கதிர்கள் உண்டு. மெல்லத் திருப்பும்போது சிக்னல் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். அதையே சரியான திசை என்று போல்ட்டை இறுக்கிவிட்டால் நல்ல நாளில் ஓடும், குறுக்கீடு வரும் நாளில் விழும். கணக்கு கையில் இருந்தால் 18 டெசிபல் குறைவது உடனே தெரியும். இன்னும் 20 பாகை இருபுறமும் தேடுங்கள். ஒரு முனையைப் பூட்டியபின் மறுமுனை, பிறகு மேல்கீழ்ச் சாய்வு, மீண்டும் முதல் முனை.

பெரிய தட்டு வைத்தால் கூடுதல் சக்தியோடு அனுப்பலாம் என்று நினைக்கக் கூடாது. உச்சவரம்பு ஆண்டெனாவையும் சேர்த்துத்தான். 23 டிபிஐ தட்டுக்கு ரேடியோவை 7 டிபிஎம்மில் வைக்க வேண்டும், 13 டிபிஐ பலகைக்கு 17. தட்டின் பயன் வாங்கும் பக்கத்தில், பக்கவாட்டுச் சத்தத்தை ஒதுக்குவதில். அதனால்தான் நெருக்கமான கடைத்தெரு முனைக்குத் தட்டு மிக அவசியம்.

தண்டு இணைப்புக்கு 149 முதல் 161 வரையான சேனல்கள், லயத்து மெஷ்ஷுக்கு 36 முதல் 48. நடுவில் உள்ள 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய பகுதி. கருவி தொடங்குமுன் குறைந்தது 60 விநாடி காதுகொடுக்க வேண்டும், ரேடார் என்று தோன்றினால் அந்தச் சேனலை 30 நிமிடம் விட்டு விலக வேண்டும். மெஷ்ஷில் ஒரு முனை விலகினால் மற்றவை தனித்து நிற்கும். சேனல் அகலம் தண்டில் 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் போதும்.

தூண், கம்பி, பெட்டி

ஒரு தண்டு இணைப்புக்குத் தேவையானவை: டிபி-லிங்க் சிபிஇ610 போன்ற 23 டிபிஐ கருவி இரண்டு, அவற்றோடு வரும் 24 வோல்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும்) அடாப்டர், வெளிப்புறமிடும் கறுப்பு உறைக் கேபிள் முனைக்கு 30 மீட்டர், உலோக உறையுள்ள பிளக்குகள், மின்னெழுச்சித் தடுப்பி முனைக்கு இரண்டு, 48 மி.மீ. வெளிவிட்டமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். ஹார்ட்வேர் கடையில் இந்தக் குழாய் 20 அடி நீளமாகக் கிடைக்கும், வெட்டித் தருவார்கள். கூரைக்கு மேல் 3 மீட்டர் வரை இரண்டு சுவர்ப் பிடிகள் போதும், பிடிகளுக்கிடையே குறைந்தது 60 செ.மீ. இருக்கட்டும். முழு 6 மீட்டரையும் நிறுத்தினால் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், 120 பாகை இடைவெளியில், மூன்று இழுகம்பி கட்டாயம். குழாய் காற்றில் சில பாகை முறுக்கினாலே ஒடுங்கிய கதிர் நழுவும்.

கேபிளில் காசைக் குறைக்க வேண்டாம். விலை மலிவானதில் பல செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதன் தடை செம்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிளக் கவ்வும் இடத்தில் ஒடியும், ஈரத்தில் பூத்துவிடும். உள்ளறைச் சாம்பல் நிறக் கேபிளின் உறையோ இந்த வெயிலில் வெடித்து நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், நீர் கேபிளுக்குள்ளேயே இறங்கி அடாப்டரை எரிக்கும். கேபிள் சுவருக்குள் நுழையுமிடத்தில் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

24 வோல்ட் பாசிவ் பிஓஇ எப்போதும் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், எதிரில் என்ன கருவி என்று கேட்காது. மடிக்கணினியை அதில் செருகினால் துளை எரியலாம். அடாப்டரின் அந்தத் துளைக்குச் சிவப்பு நாடா சுற்றி வையுங்கள்.

எறும்பும் பல்லியும் இங்கே உண்மையான பழுதுக் காரணங்கள். ரேடியோவின் சூடு அவற்றுக்குப் பிடிக்கும். அடிமூடி வழியாக நுழைந்து எறும்பு கூடு கட்டினால் துளையின் பின்கள் அரித்துப்போகும். கேபிள் நுழைவைச் சுற்றிச் சிலிக்கான் பூசுங்கள், ஆனால் நீர் வடியும் ஓட்டையை அடைக்காமல் நுண்வலையால் மூடுங்கள். தரைமட்டத்தில் எலி. செம்பனைத் தோட்டத்தில் எலிக்காகவே ஆந்தைக் கூண்டு வைக்கிறார்கள் என்றால் எவ்வளவு எலி என்று புரியும். தரையிலிருந்து 2 மீட்டர் வரை கேபிள் இரும்புக் குழாய்க்குள் போகட்டும். ஆந்தைக் கூண்டுக் கம்பத்தில் எதையும் கட்டாதீர்கள். ஆந்தை கூண்டை விட்டால் தோட்ட நிர்வாகத்தின் நல்லெண்ணமும் போய்விடும்.

இடி

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட நாள்கள் இடி கேட்கும். இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

நேரடியாக விழும் மின்னலை எந்தத் தடுப்பியும் நிறுத்தாது. அருகில் விழும் மின்னல் கேபிளில் தூண்டும் எழுச்சியிலிருந்துதான் கருவியைக் காப்பாற்ற முடியும். அந்த வகைதான் மிகுதி. ரேடியோவுக்குக் கீழே ஒரு தடுப்பி, கேபிள் கட்டடத்துக்குள் நுழையுமிடத்தில் இன்னொன்று. இரும்புத் தூணிலிருந்து 16 சதுர மி.மீ. செம்புக் கம்பி, வளைவு இல்லாமல், மிகக் குறுகிய வழியில் 1.5 மீட்டர் நிலத்தடிக் கம்பிக்கு. அந்த நிலத்தடிக் கம்பியைக் கட்டடத்தின் மின் எர்த்தோடு கட்டாயம் இணைக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் இடியின்போது இரண்டு எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு எழும், அது உங்கள் கருவி வழியாகவே சமன் தேடும். உரிமம் பெற்ற வயர்மேனை வைத்து அளக்கச் சொல்லுங்கள், 10 ஓம்ஸுக்குக் கீழே வர வேண்டும். பழைய லயங்களில் எர்த் கம்பி துருப்பிடித்துப் பெயருக்கு நிற்பதுண்டு. அதைச் சரிசெய்வது வீட்டாருக்கும் பாதுகாப்பு.

தொட்டியோ பள்ளியோ இடிதாங்கி வைத்திருந்தால் ஆண்டெனாவின் உச்சி அதன் முனைக்குக் கீழேயே இருக்கட்டும். தூண் பெட்டிக்கும் அறைக்கும் இடையே 10 மீட்டர் ஃபைபர், இருபுறமும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் போட்டால் எழுச்சி அறைக்குள் வரப் பாதையே இல்லை. பள்ளிக் கணினி அறைக்கு இதைத்தான் வலியுறுத்துகிறோம். ஒரே நிபந்தனை, தூண் பக்கக் கன்வெர்ட்டருக்கு மின்சாரம் அறையிலிருந்து வரக் கூடாது. வந்தால் மின்னல் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

மேலே ஏறும் வேலை எல்லாம் காலையில். இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் கட்டும், நண்பகலுக்குள் அனைவரும் தரையில் இருக்க வேண்டும். முழு உடல் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் யாரும் தொட்டியில் ஏறக் கூடாது.

லயத்துக்குள்

லயத்து வீடுகளின் பலகைச் சுவர் சிக்னலை விடும், தகரக் கூரை விடாது. ஆகவே கூரைக்கு மேல் வைத்தால் வீட்டுக்குள் இறங்காது. இறவாணத்துக்குக் கீழே, வாசல் பக்கம், 3 மீட்டர் உயரத்தில் வையுங்கள். 40 முதல் 60 மீட்டருக்கு ஒரு முனை, எதிரெதிர் வரிசைகளில் மாறி மாறி. கல்நார்க் கூரை என்றால் துளையிடவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. மரச்சட்டத்திலோ தனிக் கம்பத்திலோ மாட்டுங்கள்.

முனைக்கு டிபி-லிங்க் இஏபி225 அவுட்டோர் பொருத்தமானது. 16 மெகாபைட் ஃபிளாஷ், 128 மெகாபைட் நினைவகம், 24 வோல்ட் பாசிவ் பிஓஇ, 802.3ஏஎஃப் தரப் பிஓஇ இரண்டும் ஏற்கும், ரௌட்டர்களுக்கான திறந்த மென்பொருளான ஓபன்டபிள்யுஆர்டியும் ஏறும். வாங்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணைப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு மாறினால் உள்ளே சிப் மாறியிருக்கலாம்.

மெஷ்ஷின் மூளையாக பேட்மேன்-அட்வான்ஸ்டு. பெர்லினின் ஃப்ரைஃபுங்க் சமூகத்தில் வளர்ந்த இந்த வழிகாட்டு முறை 2011இல் லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை 802.11எஸ் மெஷ் நிலையில் வைத்து, அதன் சொந்த முன்னனுப்பலை அணைத்துவிட்டு, வழி தேடும் வேலையை பேட்மேனிடம் கொடுக்க வேண்டும். அணைக்காவிட்டால் இரண்டு வழிகாட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும், ஏன் மெதுவாக இருக்கிறது என்றே தெரியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ கைப்பேசிகளுக்கு: 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், 1, 6, 11 ஆகிய சேனல்கள் மட்டும்.

புதியவர்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் நான்கு. மென்பொருளோடு வரும் அடிப்படை ‘டபிள்யுபேட்’ பொதிக்கு மெஷ் மறையாக்கம் தெரியாது. முனைகள் ஒன்றையொன்று காணாமலே நிற்கும். அதை நீக்கி மெஷ் பதிப்பை நிறுவுங்கள். அடுத்தது, இந்த வகை 5 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு இயல்பாக வரும் ‘சிடி’ ஃபர்ம்வேர் மறையாக்க மெஷ்ஷில் தகராறு செய்யும், ‘சிடி’ இல்லாத இயக்கியையும் ஃபர்ம்வேரையும் ஜோடியாக மாற்ற வேண்டும். மூன்றாவது, பேட்மேன் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தன் உறையைச் சேர்ப்பதால் அடியில் உள்ள இடைமுகத்தின் எம்டியூ, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவு, 1532 ஆக இருக்க வேண்டும். 1500 என்றே விட்டால் பொட்டலம் இரண்டாக உடைந்து போகும். நான்காவது, நாட்டுக் குறியீட்டை எல்லா முனையிலும் மலேசியா என்று வைக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் அது வேறு சக்தியில், வேறு சேனல் பட்டியலோடு எழும்.

தண்டு வழியாக ஒரு மெஷ்ஷை இன்னொன்றோடு ஒட்டாதீர்கள். ஒவ்வொரு குடியிருப்பும் தனி மெஷ், தனி முகவரி வரிசை, வாசலில் ஒரு சிறு ரௌட்டர். லயத்துக்கு 10.77.4.0/22, பள்ளிக்கு 10.77.8.0/22, தாமானுக்கு 10.77.12.0/22 என்று ஒதுக்கலாம். வீட்டு ரௌட்டர்கள் பயன்படுத்தும் 192.168 வரிசையைத் தொடவே வேண்டாம். தாமானில் எழும் ஒளிபரப்புச் சத்தம் லயத்துக் காற்றைத் தின்னாது, ஒன்று விழுந்தாலும் மற்றது உள்ளூரில் ஓடும்.

எந்த மெஷ்ஷையும் ஒரே நொடியில் படுக்க வைக்கும் நிகழ்வு ஒன்று உண்டு. யாரோ நல்லெண்ணத்தோடு முனையின் கேபிளைத் தங்கள் வீட்டு ரௌட்டரின் மஞ்சள் துளையில் செருகுவார்கள். உடனே அந்த ரௌட்டர் லயம் முழுவதற்கும் முகவரி கொடுக்கத் தொடங்கும், எல்லோருக்கும் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது. பயனர் பக்கத்திலிருந்து வரும், முகவரி கொடுக்கும் டிஎச்சிபி பதில்களை, அதாவது யுடிபி 67ஆம் துளையிலிருந்து கிளம்புபவற்றை, ஒவ்வொரு முனையிலும் தடுத்துவிடுங்கள். பேட்மேனின் சுழல் தடுப்பையும் இயக்கி வையுங்கள். இரண்டு முனைகள் காற்றிலும் ஒரே சுவிட்சிலும் சந்தித்தால் ஒளிபரப்புப் புயல் எழுவதை அது நிறுத்தும்.

வாசல் ரௌட்டருக்கு அருகே ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்து, இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவை ஏற்றி வைப்பது மிகுந்த பயன் தரும். வெளி இணையம் அறுந்த நாளிலும் பிள்ளைகளுக்கு அது வரும்.

மின்சாரம்

ஒரு முனை சராசரியாக 6 வாட் எடுக்கும். மாதத்துக்கு 4.3 யூனிட், வீட்டாருக்கு இரண்டு ரிங்கிட் அளவில் செலவு. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பில் கூடிய மாதம் பிளக் கழற்றப்படும், அதில் தவறும் இல்லை.

மின்சாரம் இல்லாத மேட்டுத் தொட்டிக்குச் சூரியத் தகடு. இரண்டு ரேடியோ 12 வாட், நாளுக்கு 288 வாட்-மணி. கம்பி, மாற்றி, மின்கல இழப்புக்காக 0.7ஆல் வகுத்தால் 411. நவம்பர் மழைமாதத்தில் நல்ல வெயில் 3 மணி நேரம் என்று எடுத்தால் 137 வாட் தகடு வேண்டும். 200 வாட் போடுங்கள், ஆலைப் புகைக்கரி படிவதற்கும் இடம் வேண்டுமே. வெயிலில்லாத இரண்டு நாளுக்கு 576 வாட்-மணி, மின்கலத்தை 80 விழுக்காடு மட்டும் இறக்கினால் 720. அதாவது 12.8 வோல்ட், 60 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒன்று. மின்கலத்தின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். இந்த அட்சரேகையில் தகட்டைக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைக்கலாம், ஆனால் 10 முதல் 15 பாகை சாய்வு கொடுத்தால்தான் மழை அழுக்கைக் கழுவும்.

சிக்னல் ஏட்டைப் படிப்பது

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒவ்வொரு தண்டு இணைப்பின் இரு முனைச் சிக்னலையும் எழுதி வையுங்கள். பழுதில் பெரும்பகுதி இந்த ஏட்டிலேயே தெரிந்துவிடும்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கினால் மரம் வளர்ந்து வட்டத்துக்குள் நுழைகிறது. ஒரே இரவில் 10 டெசிபல் இறங்கி அங்கேயே நின்றால் தூண் திரும்பியிருக்கிறது. மழையில் இறங்கி வெயிலில் ஏறினால் நனைந்த மட்டை, அல்லது இணைப்பியில் நீர். மழைத்துளியைக் குற்றம் சொல்ல வேண்டாம், 1.2 கிலோமீட்டரில் 5.8 கிகாஹெர்ட்ஸை மழை ஓரிரு டெசிபலுக்கு மேல் குறைப்பதில்லை. சிக்னல் மாறாமல் வேகம் மட்டும் மாலையில் விழுந்தால் அதே சேனலில் வேறொருவர் பேசுகிறார். இரண்டு முனையில் ஒன்று மட்டும் குறைவாகக் கேட்டால் எதிர்முனையின் அனுப்பும் பகுதி இடியில் பாதி செத்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். கருவி நாளுக்குப் பலமுறை தானாக மறுதொடக்கம் ஆனால் கேபிளைச் சோதியுங்கள். 40 மீட்டர் நல்ல செம்பில் 0.3 ஆம்பியருக்கு 1.1 வோல்ட்தான் இறங்க வேண்டும், அதற்கு மேல் இறங்கினால் பிளக் அரித்துவிட்டது.

அனுமதி, சாவி, ஆள்

கருவிகளில் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி, தரச்சான்று அமைப்பான சிரிம் இவற்றின் சான்றிதழ் முத்திரை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இந்த அலைவரிசைகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை. எம்சிஎம்சியின் வகுப்பு ஒதுக்கீட்டில், சக்தி வரம்புக்குட்பட்டு, யாரும் பயன்படுத்தலாம். இணைய இணைப்பைக் காசுக்குப் பிறருக்குக் கொடுப்பது வேறு விஷயம், அது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் உரிமங்களுக்குள் வரும். ஆகவே மாதக் கட்டணம் வாங்காதீர்கள். கருவிக்கான நன்கொடையைத் தனிக் கணக்கில் வைத்துக் கோவில் பலகையில் ஒட்டுங்கள். ஃபைபர் வைத்திருப்பவர் தன் இணைப்பைப் பகிர நிறுவனத்தின் ஒப்பந்தம் இடம்தருகிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

தொட்டியும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். மேனேஜரின் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் ஒரு ஆணியும் அடிக்காதீர்கள். பள்ளிக்குத் தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி இலாகாவின் ஒப்புதல். கோவிலில் விமானத்திலோ கலசத்துக்கு மேலாகவோ எதையும் கேட்கவே வேண்டாம். மடைப்பள்ளிக் கூரையோ மண்டபத்தின் பின்சுவரோ கேட்டால் நிர்வாகத்தினர் மனமுவந்து தருவார்கள். மின்வாரியக் கம்பங்களை நினைக்கவும் வேண்டாம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒருவர் ஷிஃப்டுக்குப் போனால் மற்றவர் ஊரில் இருக்க வேண்டும். கடவுச்சொற்கள் உறையிலிட்டு ஓர் இடத்தில், பெட்டிக்குள் நெகிழிப்பையில் ஒரு குறிப்பேடு: தேதி, செய்த வேலை, சிக்னல். லயத்தில் முனை வைத்திருக்கும் அக்காவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், எந்த விளக்கு பச்சையாக இருக்க வேண்டும் என்பது. அது அணைந்தால் அவர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு படம் போட்டால் போதும். கையிருப்பாக ஒரு தண்டு ரேடியோ, ஒரு மெஷ் முனை, இரண்டு அடாப்டர், நான்கு தடுப்பி, 50 மீட்டர் கேபிள் எப்போதும் இருக்கட்டும். ரேடியோக்களில் அமைப்பு முன்பே ஏற்றியிருக்க வேண்டும்.

மேனேஜரிடம் கடிதம் வாங்கும்போதே மறுநடவுத் திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். செம்பனை ஏறக்குறைய 25 ஆண்டில் வெட்டப்படும். உங்கள் இணைப்பு கடக்கும் பிளாக் இரண்டு ஆண்டில் சாயப்போகிறது என்றால் இப்போது உயரத் தூணுக்குச் செலவு செய்ய வேண்டாம். தாழ்வான தற்காலிகத் தூணில் வேறு வழியாகத் தாவி வையுங்கள். மரம் சாயும்போது பார்வை திறந்துவிடும், ஆனால் மண்வாரி இயந்திரம் வருமுன் பிளாக் ஓரத்தில் புதைத்த கேபிளை எல்லாம் எடுத்துவிடுங்கள். இளங்கன்று நட்ட ஆண்டைக் குறிப்பேட்டில் எழுதி, அதிலிருந்து கணக்கை மறுபடி தொடங்குங்கள்.